தள்ளினால் ஓடும், செல்ஃப் அடித்தால் ஓடாது: ஒரு பழைய கொரோலாவின் வழக்கு

ஸ்டார்ட் ஆகாத வண்டி வருகிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்தது என்னவோ ஓடித்தான் வந்தது. ரங்கூன் பக்கமிருந்து பாலம் தாண்டி, சிரியம் சந்தை நெரிசலில் ஊர்ந்து, என் பட்டறை வாசலில் நின்ற பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. வண்டிக்கார அண்ணன் இறங்கவில்லை. தலையை மட்டும் வெளியே நீட்டி, "தம்பி, அணைக்கட்டுமா? அணைச்சா அப்புறம் உன் பாடு" என்றார்.

"அணைங்கண்ணே" என்றேன்.

அணைத்தார். திரும்பச் சாவியைத் திருகச் சொன்னேன். செல்ஃப் நன்றாகவே சுற்றியது, சோம்பல் இல்லை. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. பத்து விநாடி விட்டு மறுபடி, அப்புறம் மறுபடி. ஒரு இருமல்கூட இல்லை.

வண்டி 1994ஆம் வருடத்து டொயோட்டா கொரோலா வேகன். 5ஏ-எஃப்இ எஞ்சின், 1498 சிசி, கை கியர். கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்டர். ஆனால் தீப்பொறியை நாலு பிளக்குக்கும் பங்கிட இன்னும் பழைய டிஸ்ட்ரிபியூட்டர்தான். இந்த மாதிரி வண்டிகள் இங்கே இத்தனை காலம் ஓடுவதற்குக் காரணம் வண்டியின் மேல் உள்ள பாசம் மட்டும் அல்ல. 2011க்கு முன்பு பர்மாவில் இறக்குமதி பெர்மிட் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜப்பானில் பழசு என்று கழித்துவிட்ட கார் இங்கே வீட்டு விலைக்குப் போனது. அதனால் ஒவ்வொரு வண்டியும் பல கை மாறியிருக்கும். மாறிய ஒவ்வொரு கையும் ஒயரிங்கில் ஏதாவது ஒரு வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கும். புத்தகத்தில் உள்ள ஒயரிங் படம் ஒன்று சொல்லும், வண்டி வேறொன்று சொல்லும்.

வண்டியின் முன்கதை

அண்ணனுக்குப் பூ, வாழைப்பழம், தேங்காய் வியாபாரம். ரங்கூனில் சரக்கு எடுத்து, சிரியம் பக்கத்துக் கோயில் கடைகளுக்கும் பீலிக்கான் கோயில் திருவிழாக் காலத்தில் அங்கேயும் கொண்டுபோய்ப் போடுவார். தொல்லை ஆரம்பித்தது தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம்.

இங்கே இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் திஞ்சான் நாட்களில் ரோட்டோரம் பந்தல் போட்டு, குழாய் வைத்து, போகிற வருகிற வண்டியை எல்லாம் குளிப்பாட்டுவார்கள். வாளித் தண்ணீர் கண்ணாடி இடுக்கில் உள்ளே வரும். அதிலும் இந்த நாட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. 1970இல் ஒரே நாளில் போக்குவரத்தை இடப்பக்கமிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம்தான். ஆக, ஓட்டுகிறவர் நடு ரோட்டுப் பக்கம் இல்லாமல் ஓரத்துப் பக்கம், பந்தலுக்கு நேராக உட்கார்ந்திருப்பார். முழு வாளியும் அவர் மடியில்தான். இந்தச் சங்கதியை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

திருவிழா முடிந்த உடனே வண்டி மக்கர் செய்தால் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர். முதல் மெக்கானிக் அதைத்தான் சொன்னார். மூடியைக் கழற்றித் துடைத்துக் காயவைத்தார், சரியாகவில்லை. மூடி, ரோட்டார், பிளக் ஒயர், நாலு பிளக் எல்லாம் புதுசு. சரியாகவில்லை. இரண்டாவது மெக்கானிக் பேட்டரி என்றார். புது பேட்டரி போட்டதும் மூன்று நாள் நன்றாக ஓடியது, அவருக்குப் பெயரும் கிடைத்தது. நாலாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. செல்ஃபைப் பிரித்துப் புஷ் மாற்றினார். பெட்ரோலில் கலப்படம் என்று டேங்க்கைக் காலி செய்து ஃபில்டர் மாற்றினார்.

நான் இவர்களைக் குறை சொல்ல வரவில்லை. என் கைக்கும் இதே போல வண்டிகள் வந்து, இதே போலச் சாமான் மாற்றி, இதே போல முழித்திருக்கிறேன். இந்த வண்டியிலும் முழித்தேன், அதையும் சொல்கிறேன்.

முதல் நாள்: தீப்பொறி இருக்கிறது, பெட்ரோல் இல்லை

எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் கேள்வி மூன்றுதான். தீப்பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, இரண்டும் சரியான நேரத்தில் வருகிறதா. அமுக்கம் போன எஞ்சின் இப்படி அறவே பேச்சு மூச்சில்லாமல் இருக்காது. தவிரவும் அது ஐந்து நிமிடம் முன்புதான் ஓடி வந்தது.

பழைய பிளக் ஒன்றை ஒயரில் செருகி, அதன் உடலை எஞ்சினில் நன்றாக எர்த் ஆகும்படி வைத்துச் சுற்றச் சொன்னேன். நீலமாக, சத்தத்தோடு அடித்தது. (ஒயரைச் சும்மா அந்தரத்தில் தொங்கவிட்டுச் சுற்றாதீர்கள். தாவ இடமில்லாத மின்சாரம் காயிலையும் இக்னைட்டரையும் தின்னும்.) அப்புறம் காற்றுக் குழாயைக் கழற்றிக் கார்ப் கிளீனரை ஒரு மூச்சு உள்ளே அடித்துவிட்டுச் சாவியைத் திருகினால், படாரென்று பிடித்து இரண்டு விநாடி ஓடி நின்றது. தீப்பொறி நல்லது, நேரம் நல்லது, வெளியிலிருந்து கொடுத்தால் குடிக்கிறது. வீட்டுச் சோறுதான் இல்லை.

செக் எஞ்சின் விளக்கையும் கேட்டுப் பார்த்தேன். இந்த வயசு டொயோட்டாவில் எஞ்சின் பக்கம் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் டிஇ1, இ1 என்ற இரண்டு துளையைக் கம்பியால் இணைத்துச் சாவியைப் போட்டால் விளக்கு மினுக்கிக் கணக்குச் சொல்லும். சீராக மினுக்கியது, அதாவது குறை ஒன்றும் இல்லை. இதில் ஏமாறக் கூடாது. எஞ்சின் கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயை ஓட்டச் சொல்லும், அவ்வளவுதான். பம்ப் உண்மையில் எவ்வளவு தள்ளுகிறது என்று அதற்குத் தெரியாது.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. சாவியை ஆன் செய்தால் பின்னால் பம்ப் 'கிர்ர்' என்று இரண்டு விநாடி ஓட வேண்டும் என்று பலர் காதை வைத்துக் கேட்பார்கள். பல வண்டிகளில் அப்படித்தான். ஆனால் இந்தக் கால டொயோட்டாவில் செல்ஃப் சுற்றும்போதுதான் பம்புக்கு மின்சாரம் போகும், பிறகு எஞ்சின் சுற்றும் சிக்னல் இருக்கிறவரை போகும். சும்மா ஆன் செய்தால் சத்தம் வராது. அதைக் கேட்டுவிட்டுப் பம்ப் செத்தது என்று சொன்னால் தப்பு.

பெட்ரோல் குழாயில் அழுத்த மீட்டரை மாட்டினேன். வேக்கம் குழாய் கழற்றிய நிலையில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 முதல் 3.1 கிலோ வரை நிற்க வேண்டும். சுற்றும்போது 1.1. சரி, ஆள் அகப்பட்டான் என்று நினைத்தேன்.

என் தப்பு இங்கே

பின் சீட்டைத் தூக்கிப் பம்பின் பிளக்கைக் கழற்றி, ஒயர் பக்கத்து முனையில் மல்டிமீட்டரை வைத்து, பட்டறைப் பையனைச் சுற்றச் சொன்னேன். செல்ஃப் சுற்றுகிற நேரத்தில் பேட்டரியில் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவும் காட்டியது. ஒயர் நல்லது, பம்ப் கெட்டது என்று முடிவு கட்டினேன். பையனை வண்டி உடைக்கிற கடைக்கு அனுப்பி ஒரு பழைய பம்ப் வாங்கிவரச் சொன்னேன். போக வர அரை நாள். மழைக்காலம் தொடங்கும் முன் வருகிற புழுக்கம். பையன் வந்து சேர்ந்தபோது சட்டையைப் பிழியலாம்.

அதற்குள் கை சும்மா இருக்கவில்லை. மாட்டுவதற்கு முன்பு பழைய பம்பை ஒருதரம் நேராக ஓட்டிப் பார்ப்போமே என்று, நீளமான இரண்டு ஒயரைப் பம்பின் பிளக்கில் செருகி, பொறி கிளம்பினாலும் டேங்க்குக்குத் தூரமாக இருக்கட்டும் என்று மறுமுனையை முன்னால் பேட்டரியில் தொட்டேன். பம்ப் விசில் மாதிரி ஓடியது. அழுத்தம் 2.9.

ஒயரில் வோல்ட் இருக்கிறது. பம்பும் நல்லது. இரண்டையும் சேர்த்தால் மட்டும் 1.1. மாப்பிள்ளையும் நல்லவர், பெண்ணும் நல்லவள், குடும்பம்தான் நடக்கவில்லை.

பையன் வாங்கி வந்த பம்ப் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அந்தக் கடையில் விற்ற சாமானைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

டீக்கடையில் கிடைத்த சாட்சி

எதிர்க் கடையில் லபெயே, அதாவது பர்மா டீ, குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அண்ணனிடம் கேட்டேன்: "ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் தினமும் எப்படிண்ணே எடுக்குறீங்க?"

"அக்கா பசங்க ரெண்டு பேரு தள்ளுவாங்க. ரெண்டாவது கியர்ல போட்டுக் கிளட்ச்சை விட்டா பத்தடியில பிடிச்சுக்கும். அதுல குறையே சொல்ல முடியாது, தம்பி. சாவிதான் ஆகாது."

பத்தடி! இதை முதலிலேயே கேட்டிருந்தால் அரை நாள் மிச்சம். இதுவரை பார்த்த எல்லாருமே 'தள்ளினால் ஓடும்' என்பதைப் பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். வழக்கமாக அது சரிதான். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், அல்லது டிக் டிக் என்று மட்டும் சொன்னால், தள்ளு வண்டி பேட்டரியைக் காட்டிக்கொடுக்கும். இங்கே செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறதே. அப்படியானால் தள்ளுவதற்கும் செல்ஃப் அடிப்பதற்கும் மிச்சமிருக்கிற வித்தியாசம் என்ன?

செல்ஃப் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரி 12.5இலிருந்து 10 பக்கம் இறங்கும். தள்ளும்போது இறங்காது. ஆக இந்த வண்டியில் எதற்கோ 12.5 போதும், 10 போதவில்லை. புது பேட்டரி மூன்று நாள் காப்பாற்றியதும் இதனால்தான். புதுசு என்பதால் கொஞ்சம் குறைவாக இறங்கியிருக்கும்.

"பாலத்துல ஏறும்போது எப்படி?" என்று அடுத்த கேள்வி போட்டேன். 1993இல் திறந்த அந்தப் பழைய பாலத்துக்கு ஏறும் சாய்வில் சரக்கோடு போனால் எந்த எஞ்சினும் மூச்சு வாங்கும்தான்.

"போன மழையிலேர்ந்தே ஏறமாட்டேங்குது. சரக்கு கூடிப்போச்சுன்னு நெனச்சேன்."

திஞ்சானுக்கு எட்டு மாதம் முன்பே நோய் தொடங்கிவிட்டது.

சுமை ஏற்றி அளப்பது

என் தப்பு என்ன என்று இப்போது எனக்கே விளங்கியது. பம்ப் பிளக்கைக் கழற்றிவிட்டு வோல்ட் அளந்தேன். மின்சாரம் ஓடாத ஒயரில் எவ்வளவு மோசமான இணைப்பு இருந்தாலும் முனையில் முழு வோல்ட்தான் காட்டும், ஏனென்றால் மீட்டர் குடிப்பது ஒரு துளி. குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும் மூடி வைத்த முனையில் அழுத்தம் முழுசாக இருக்குமே, அது மாதிரி. திறந்தால்தான் வண்டவாளம் தெரியும். சின்ன எல்இடி டெஸ்ட் லேம்ப்பும் இதே பொய்யைச் சொல்லும், அதுவும் ஒன்றும் இழுப்பதில்லை.

பம்பைத் திரும்ப மாட்டி, முன்னால் உள்ள அதே சின்னப் பெட்டியில் +பி என்ற துளையையும், பம்புக்குப் போகும் ஒயரோடு சேர்ந்த எஃப்பி என்ற துளையையும் இணைத்தேன். சாவி ஆன். இப்படிச் செய்தால் எஞ்சின் சுற்றாமலே பம்ப் ஓடும், நிதானமாக அளக்கலாம். மீட்டரின் கறுப்பு ஒயர் பேட்டரி நெகட்டிவ்வில். சிவப்பை ஒவ்வோர் இடமாக வைத்தேன்.

பேட்டரியில் 12.5. எஃப்பி துளையில் 12.2. பம்பின் பிளக்கில், ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கமாக ஊசி செருகி அளந்தால், 8.2. பம்பின் எர்த் பக்கம் 0.1, அது சுத்தம்.

நாலு வோல்ட் காணவில்லை. காணாமல் போனது டாஷ்போர்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் எங்கோ. ஓடுகிற வண்டியில் ஆல்டர்னேட்டர் 14 கொடுக்கும்போது பம்புக்கு 9 சொச்சம் கிடைக்கும். சமாளித்து ஓடும், பாலத்தில் திணறும். செல்ஃப் அடிக்கையில் பேட்டரி 10க்கு இறங்கினால் பம்புக்கு ஆறரை. அதில் பம்ப் சுற்றும், அழுத்தம் ஏறாது. முழு வழக்கும் அந்த ஒரு கணக்கில் அடங்கிவிட்டது.

ஓம் மீட்டரால் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். நாலு வோல்ட்டைத் தின்ற அந்த இடத்தின் தடை ஒன்றரை ஓம் வாக்கில். சாதாரண மீட்டரில் ஒயரும் முனையும் சேர்ந்தே அரை ஓம் காட்டும், தொட்ட இடத்தைப் பொறுத்து மாறும். எனக்கு ஓடுகிற மின்சாரத்தில் வோல்ட் இழப்பை அளப்பதுதான் நம்பிக்கை.

முனீஸ்வரருக்குப் பின்னால்

 அந்த ஒயரின் நடுவில் கையால் வெட்டி ஒட்டிய இணைப்பு இருக்கக் கூடாது. ஆனால் டிக்கியில் கம்பளத்தைத் தூக்கியபோது தரையில் நாலு போல்ட் துளை பார்த்தேன், தார் வைத்து அடைத்திருந்தது. டாஷ்போர்டில், ஓட்டுநர் முழங்காலுக்கு மேலே ஒரு முனீஸ்வரர் படம் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டால் நடுவில் பள்ளமாக இருந்தது.

"அண்ணே, இந்த வண்டி காஸ் வண்டியா?"

"எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் டாக்சி ஓட்டினார். அப்ப போட்டிருந்ததாம். நான் வாங்கும்போதே இல்ல."

2000களின் நடுவில் ரங்கூன் பஸ்ஸையும் டாக்சியையும் இயற்கை எரிவாயுவுக்கு மாற்றினார்கள். டிக்கியில் 200 பார் அளவுக்கு அழுத்தம் தாங்கும் சிலிண்டர், டாஷ்போர்டில் பெட்ரோல்-காஸ் மாற்றும் சுவிட்ச். காஸில் ஓடும்போது பெட்ரோல் பம்ப் ஓட வேண்டாம் என்று அதன் ஒயரை வெட்டி நடுவில் ஒரு ரிலே வைப்பார்கள். பிறகு காஸ் பங்கில் வரிசை நீண்டு, வெறுத்துப்போய்ப் பலர் கழற்றி விற்றார்கள். கிட்டைக் கழற்றுகிறவனுக்குச் சிலிண்டரும் ரெகுலேட்டரும்தான் காசு. வெட்டிய ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போய்விடுவான்.

வலப்பக்க மிதியடிக்கு ஓரமாக உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். கம்பளத்தை அமுக்கினால் திஞ்சான் தண்ணீர் இன்னும் விரலில் ஒட்டியது. அதற்கடியில் துணி டேப் சுற்றிய, சுண்டுவிரல் பருமனில் ஒரு முடிச்சு. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, கையை வைத்தால் சுட்டது. காணாமல் போன வோல்ட் எல்லாம் அங்கேதான் சூடாகிக்கொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு டேப்பைப் பிரித்தேன். பசை உருகிக் கறுப்புப் பாகு மாதிரி இழுத்தது. உள்ளே இரண்டு ஒயரின் செம்பும் வெறும் கையால் முறுக்கியது, ஈயம் இல்லை. பாதிக் கம்பி பச்சைப் பொடியாக உதிர்ந்தது. மிச்சம் நாலைந்து இழை, கருத்துப்போய், ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும்.

தண்ணீர்தான் குற்றவாளி என்று சொன்னவர்கள் ஒரு வகையில் சரி. இடம்தான் தப்பு. டிஸ்ட்ரிபியூட்டர் பானெட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. தண்ணீர் போனது பந்தல் பக்கத்துக் கண்ணாடி வழியாக ஓட்டுநரின் காலடிக்கு. வருடக்கணக்காக மெல்ல அரித்துக்கொண்டிருந்த முடிச்சைத் திருவிழா முடித்து வைத்தது.

வேலை

அரித்த பாகத்தைப் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டினேன். இரு பக்கமும் சேர்த்து ஒரு சாண் போனது. அதே பருமனில் புது ஒயர் வைத்து, முறுக்கி, ஈயம் வைக்கப் போனால் கரண்ட் போய்விட்டது. சால்டரிங் அயர்ன் ஆறிப்போய்க் கையில். வெளிச்சம் மங்குகிற வரை அண்ணனும் நானும் பீலிக்கான் தீமிதிக் கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தெருமுனையில் பிள்ளைகள் "மீ லா பீ!" (கரண்ட் வந்தாச்சு) என்று கத்திய சத்தம் கேட்டதும்தான் வேலை தொடர்ந்தது. ஈயம் ஏறியது, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் இரண்டு அடுக்கு. இணைப்பைக் கம்பளத்துக்குக் கீழே விடாமல் ஒரு முழம் மேலே தூக்கிக் கட்டினேன். கம்பளத்தைக் கழற்றி இரண்டு நாள் வெயிலில் போட்டோம்.

மறுபடி அளவு. பம்ப் ஓடும்போது பிளக்கில் 12.1. செல்ஃப் சுற்றும்போது பேட்டரி 10.2, பம்ப் 9.8. அழுத்தம் 2.8. சாவியைத் திருகிய இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. சூடாக்கி, அரை மணி நிறுத்தி, மறுபடி. ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் மறுபடி. அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

காசு வாங்கும்போதுதான் சங்கடம். ஒரு சாண் ஒயர், கொஞ்சம் ஈயம், ஸ்லீவ். அண்ணன் ஏற்கெனவே பிளக்கிலிருந்து பேட்டரி வரைக்கும் கொட்டியிருந்தார். நான் வாங்கிய பம்பை அவர் கணக்கில் எழுதவில்லை. அது என் படிப்புச் செலவு.

டாஷ்போர்டுத் துளைக்கு ரப்பர் மூடி ஒன்று போட்டுத் தருகிறேன் என்றேன். அண்ணன் கேட்கவில்லை. கிழிந்த ஓரத்தைத் தடவி முனீஸ்வரரை அதே இடத்தில் ஒட்டினார், பூக்கூடையிலிருந்து ஒரு துண்டு சரம் எடுத்துச் செருகினார், சாவியைத் திருகினார். அக்கா பையன்கள் இரண்டு பேரும் பழக்கதோஷத்தில் வண்டிக்குப் பின்னால் போய் நின்றிருந்தார்கள்.